டயர் மாற்றாத மருமகன்

கதையின் முடிவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். ஆகையால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

பொள்ளாச்சியில் தென்னைநார் ஆலை நடத்தும் மகுடபதி, வெகுநாள் ஆசைப்பட்டு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். தரையோடு படுத்திருக்கும் வண்டி. ஏறுவதற்குக் குனிய வேண்டும். இறங்குவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். அவன் மனைவி கோகிலவாணி இதற்கு ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள். கல்யாணமான புதிதில் அவனிடம் ஒரு பைக் இருந்தது. சைலன்சர், சீட், ஹேண்டில்பார் என்று ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் பழையதில் மிஞ்சியது நம்பர் பிளேட் மட்டும்தான். அந்த அனுபவத்தால், தேய்ந்துபோகாத எதையும் இந்தக் காரில் மாற்றக்கூடாது என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

வண்டி வந்த மறுநாளே மகுடபதியின் கண் டயரில் விழுந்தது. கம்பெனி போட்டு அனுப்பும் டயர் சத்தமில்லாமல் ஓடவும் மைலேஜ் கொடுக்கவும்தான் லாயக்கு, இந்த மாதிரி வண்டிக்குத் தரையைப் பிடிக்கிற டயர் வேண்டும் என்று நண்பர்கள் ஓதியிருந்தார்கள். வாக்கை நினைத்து அவன் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே இருவரும் வால்பாறையில் இருந்த அவள் அப்பா வீட்டுக்குப் போனார்கள். ஆறுச்சாமி தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தூறலில் மகுடபதி கொஞ்சம் வேகமாகவே கேட்டுக்குள் திருப்ப, வண்டி வழுக்கிப் போய்ச் செம்பருத்திச் செடியை முறித்துக்கொண்டு நின்றது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆறுச்சாமி எழுந்து வந்து டயரைத் தடவிப் பார்த்தார். இந்த டயரோடு மழையில் என் மகளை மலைக்குக் கூட்டி வரமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள் என்றார்.

மகுடபதி உடனே கொடுத்தான். கொடுக்கும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கோகிலவாணி கவனித்தாள். வீடு திரும்பியதும், டயர் மாற்றுவது இப்போது மாமாவின் கட்டளை என்று அவன் பேச்செடுத்தான். எனக்குக் கொடுத்த வாக்குத்தான் மூத்தது, டயர் தேயட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவள் முடித்துவிட்டாள்.

தேய வேண்டும், அவ்வளவுதானே? மகுடபதி தினமும் காலையில் உடுமலை சாலையில் வண்டியை ஓட்டி, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து பிரேக்கை அழுத்தி அழுத்தி எடுத்தான். புது டயரில் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் எல்லாம் உதிர்ந்தது. மேலே இருந்த வழவழப்பும் போனது. அதற்குப் பிறகு டயர் முன்னைவிட நன்றாகத் தரையைப் பிடித்தது. அவனுக்கு அழுகை வந்தது.

ஆவணியில் கோகிலவாணியின் தங்கைக்கு நிச்சயதார்த்தம். மலையில் மழை கொட்டுகிறது என்று செய்தி வந்தது. பஸ்ஸில் போகலாம் என்றான் மகுடபதி. வாசலில் கார் நிற்கும்போது மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பஸ்ஸில் போய் இறங்க முடியாது என்றாள் அவள். கிளம்பினார்கள். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் தூறல் பிடித்தது. மகுடபதி ஓரங்கட்டி நிறுத்தினான்.

"இதுக்கு மேல நான் உன்னைக் கூட்டிட்டுப் போனா, மாமாவுக்குக் குடுத்த வாக்கு போயிரும்."

"நீங்க என்னைக் கூட்டிட்டுப் போக வேண்டாமுங்க. இப்படி மாறி உக்காருங்க. நான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

தோட்டத்துச் சாலைகளில் அப்பாவின் ஜீப்பை ஓட்டிப் பழகியவள் அவள். சிவப்புக் கார் மலையில் ஊர்ந்தது. பஸ்கள் முந்தின. வாழைத்தார் ஏற்றிய டெம்போ ஒன்று ஹாரன் அடித்து வழி கேட்டு முந்தியது. மகுடபதி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டான்.

பாதி மலையில் ஒரு வளைவில், குடை பிடித்தபடி ஆறுச்சாமி நின்றுகொண்டிருந்தார். மருமகன் வாக்கைக் காப்பாற்றுவானா என்ற சந்தேகத்தில், அவர்களை அடிவாரத்திலேயே மறித்துத் தன் ஜீப்பில் ஏற்றிவரப் புறப்பட்டவர். ஜீப் வழுக்கி ஓரத்து வாய்க்காலில் இறங்கிக் கிடந்தது. அவருக்கு அடி ஒன்றும் இல்லை. ஜீப்பின் டயர்கள் நான்கும் மொட்டைத் தலை மாதிரி பளபளத்தன.

அவர் காரின் பின்சீட்டில் முழங்காலை மடக்கி நுழைந்துகொண்டார். வண்டி ஒரு வளைவில்கூட அலுங்காமல் வீடு போய்ச் சேர்ந்தது. கூடத்தில் நிறைந்திருந்த சம்பந்திகள் முன்னால், "மாப்பிள்ளை என் பேச்சைக் கேட்டு டயரை மாத்திட்டாரு. வண்டி எப்படித் தரையைப் பிடிச்சுட்டு வருது தெரியுங்களா?" என்றார்.

மகுடபதி மனைவியைப் பார்த்தான். அவள் காபி கொண்டுவரப் போய்விட்டாள். அவன் சிரித்து வைத்தான்.

சில நாள் கழித்து மாமனாரிடமிருந்து போன். அந்த டயரை எந்தக் கடையில் போட்டீர்கள், என் ஜீப்புக்கும் அதையே போட வேண்டும் என்றார்.

மருமகனின் டயரைக் குறை சொல்லித் தன் டயரைப் பார்க்காத ஆறுச்சாமி. அப்பா வேண்டாம் என்ற டயரிலேயே மழையில் மலையேறிய கோகிலவாணி. வாய் திறக்காமல் சிரித்து வைத்த மகுடபதி. இவர்களில் வாக்குத் தவறியவர் யார்?

விடை: ஆறுச்சாமியிடம் இருந்தது கவனக்குறைவு, ஆனால் அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கோகிலவாணியும் கொடுக்கவில்லை; மகள் பத்திரமாக வர வேண்டும் என்ற அப்பாவின் எண்ணத்தை நிறைவேற்றியவளே அவள்தான். தவறியவன் மகுடபதி. மலையில் அல்ல, செம்பருத்திச் செடி பக்கத்தில் நின்ற அன்றே. மனைவிக்குக் கொடுத்த முதல் வாக்கை மீற ஒரு சாக்குக் கிடைக்குமென்றுதான் இரண்டாவது வாக்கைக் கொடுத்தான். இது அவனுக்கே தெரிந்திருந்ததால் போனில் உண்மையைச் சொல்லிவிட்டான்: "டயரை மாத்தலைங்க மாமா. டிரைவரைத்தான் மாத்தினேன்." ஆறுச்சாமி, "சரி, போனை அவகிட்டக் குடுங்க" என்றார்.