முள் காட்டாத வேகம்

நாமக்கல் பரமத்தி சாலையில் வளர்மதியின் டயர் கடை. எந்த வண்டிக்கு எந்த அளவு என்று அவள் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அவளிடம் தொழில் கற்க வந்த மாரப்பனுக்கு அவளைவிடப் பதினாறு வயது கூடுதல். இருபது வருடம் பள்ளி வேன் ஓட்டியவர். வண்டி ஓட்டத் தெரியும், சக்கரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லித்தான் வந்து சேர்ந்தார்.

ஒரு நாள் காலையில் தன் பழைய காரைக் கடைக்கு ஓட்டி வந்தார்.

“அம்மணி, இதுக்கு நூத்தி எழுபத்தஞ்சு அளவு டயர் மாட்டிக்கட்டுமா?”

“இப்ப இருக்கறது நூத்தி அம்பத்தஞ்சுங்கண்ணா. எதுக்குப் பெருசு?”

“டயர் உயரமா இருந்தா மெத்துனு போகுமில்ல. வீட்டுக்காரி துளசிக்கு முதுகுல ஆபரேஷன் பண்ணதுல இருந்து ஒவ்வொரு குழிக்கும் உசிரு போய் உசிரு வருது. மக தூத்துக்குடியில இருக்கா. அவ மாமியார் படுத்த படுக்கை, அவளால இங்க வர முடியல. பேத்தி பொறந்து பதினொரு மாசம். இன்னும் போன்லதான் பார்க்கறோம். போனை வெச்ச பிறகும் துளசி அந்தத் திரையையே தடவிக்கிட்டு இருப்பா.”

வளர்மதி ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினாள். அந்தக் காரின் டயர் ஒன்றைக் கழற்றினாள். பெரிய டயர் ஒன்றையும் எடுத்து வந்தாள். இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டாள். தரையில் ஒரே இடத்திலிருந்து ஒரு சுற்று உருட்டினாள். பெரிய டயர் ஐந்து விரல் அகலம் தள்ளிப்போய் நின்றது.

“ஒவ்வொரு சுத்துக்கும் இவ்வளவு கூட ஓடும். மீட்டருக்கு அது தெரியாது. முள் அம்பதுல நிக்கும், நீங்க அம்பத்தி மூணுல போவீங்க.”

மாரப்பன் தரையையே பார்த்தார்.

“தெரியும் அம்மணி. இங்க வந்து கத்துக்கிட்டதுதான்.”

“தெரிஞ்சேதான் கேட்டீங்களா?”

“டாக்டர் அம்பதுக்கு மேல வேண்டாம்னுட்டாரு. முள் அம்பதைத் தாண்டினா அவ பயந்து என் கையைப் புடிச்சுக்குவா. முள் நின்ன இடத்துல நின்னா அவளுக்கும் பயமில்ல, நானும் வெரசாப் போயிருவேன். குழந்தை தூங்கறதுக்குள்ள போய்ச் சேரணும்.”

“எவ்வளவு தூரம்?”

“முன்னூத்தி இருபது.”

“இருபது நிமிஷம் மிச்சமாகும். அந்த இருபது நிமிஷத்தை அண்ணி முதுகுல ஏத்தறீங்களே.”



வளர்மதி மற்ற டயர்களில் காற்றை அளந்தாள். நாற்பது பவுண்டு இருந்தது, குழிக்குக் குழி தூக்கிப்போடும் அளவு. மைலேஜுக்காக அவரே அடித்து வைத்தது. ரப்பரும் இறுகிப்போயிருந்தது. பழைய அளவிலேயே நான்கு புது டயர்களை மாட்டினாள். கதவில் ஒட்டியிருந்த காற்றளவு அட்டையைப் பார்த்து முப்பது வைத்தாள். பிறகு துளசி உட்காரும் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, குழி விழுந்த சாலையாகப் பார்த்துப் போகச் சொன்னாள். மூன்று தடவை போய் வந்தார்கள்.

“நாப்பத்தஞ்சுலயே போங்க” என்றபடி இறங்கினாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாரப்பன் துளசியை அழைத்துக்கொண்டு கிளம்பினார். புதன்கிழமை கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

“ஒன்பது மணி நேரம் ஆயிருச்சு அம்மணி. போய் இறங்கறப்போ குழந்தை அப்பத்தான் தூங்கிருந்துது. மக எழுப்பறேன்னா, துளசி விடல.”

“அப்புறம்?”

“தொட்டில் பக்கத்துல தரையிலயே உட்கார்ந்துட்டா. ரெண்டு மணி நேரம் அது மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா. எனக்குத்தான் மனசு கேக்கல. கொஞ்சம் வெரசாப் போயிருந்தா அத்தனை நேரம் அவ காத்திருக்க வேண்டியதில்ல.”

வளர்மதி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

“ஒன்பது மணி நேரம் வண்டியில வந்த பிறகும் ரெண்டு மணி நேரம் தரையில உட்கார அண்ணியால முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுது அம்மணி. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல” என்றார் மாரப்பன்.