தொடாத அரை ஏக்கரா

அட, உக்காருங்கப்பா. போண்டா எங்கியும் ஓடிப் போகாது. அந்தப் பெஞ்சுல ரெண்டு பேரு, மழையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். வாயை மூடுங்க. செல்லைக் கவுத்து வைங்க.

நான் மரத்தைப் படிச்சவன் இல்லீங்க. மரக் காலேஜு ஜீப்பு ஓட்டறவன். பின் சீட்டுல படிச்சவங்க பேசறது முன் சீட்டுக்குக் கேக்கும். அவ்வளவுதான் நம்ம படிப்பு.

மரகதவல்லி மேடம்னு ஒருத்தங்க. பெரிய வாத்தியாரம்மா. அவங்க பேசினா ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல ஒரு லாரி போலாம்.

அவங்க சிஷ்யப்புள்ள பிரதீபன். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறான். அவன் பேச்சுல ஒரு சைக்கிள் கூட நுழைய முடியாது.

நம்மளாட்டம் ரெண்டு ஏக்கரா, மூணு ஏக்கரா சொந்த மரக்காடு வெச்சிருக்கறவங்க வீடு வீடாப் போயி, எந்த மரத்தை உடணும், எதைக் கழிக்கணும்னு சொல்லிக் குடுக்கறதுதான் அவன் வேலை.

அன்னிக்கு ஜீப்புல ஏறினதும் ஆரம்பிச்சான். அவனாட்டமே சொல்றேன், சிரிக்காம கேளுங்க.

"சுத்த வேஸ்ட் மேடம்! மரத்துக்கு மரம் இடம் விடுங்கன்னு சொல்றேன். தலைய ஆட்டறாங்க. டீ குடுக்கறாங்க. நான் வேலிப் படலைத் தாண்டறதுக்குள்ள அவங்க பாட்டன் செஞ்சதையே செய்யறாங்க. யுனிவர்சிட்டி பேச்சை ஒரே ஒரு ஆளு கேட்டிருந்தாச் சொல்லுங்க மேடம். ஒரே ஒரு ஆளு! அவர் கால்ல விழறேன்!"

மேடம் ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு இருந்தாங்க.

ஒரு லாரி போச்சு.

"ஒருத்தர் கேட்டார்," ன்னாங்க.

"நெஜமாவா மேடம்? யாரு?"

"சாமியப்பன், வண்டிய அடிவாரத்துக்கு விடுங்க."

விட்டேன்.

அடிவாரத்துல நாச்சிமுத்து அண்ணன் காடு. அப்பன் காலத்துல வெச்ச வேங்கையும் தேக்கும், மூணு பாகம். ஒவ்வொரு பாகமும் அரை ஏக்கரா.

வண்டி வீடு வரைக்கும் போகல. தடத்துக்குக் குறுக்க ஒரு மரம் விழுந்து கெடந்துது. நேத்து விழுந்ததில்லீங்க. மேல பாசி. பொந்துல காளான். அதைச் சுத்திக்கிட்டு ஒரு புதுத் தடம் போகுது. புதுத் தடமே நடந்து நடந்து பள்ளமாயிருச்சு.

எறங்கிட்டோம்.

"பாத்தீங்களா மேடம்?" ன்னு பிரதீபன் கையைக் கையை ஆட்டறான். "விழுந்த மரத்தை எடுத்துப் போடறதுக்குச் சோம்பேறித்தனம்!"

அதுக்குள்ள நாச்சிமுத்து அண்ணன் வேட்டிய எறக்கி உட்டுட்டே ஓடியாந்தாரு. "வாங்க அம்மிணி. வாங்க தம்பி."

பின்னாலயே அவரு சம்சாரம் பாவாத்தாள், கையில தண்ணிச் சொம்பு. வாங்கன்னு தலைய அசைச்சாங்க. வாயைத் தொறக்கல.

"ஏங்க, இதை எடுத்துட்டா வண்டி நேரா உள்ள வருமே?" ன்னான் பிரதீபன்.

அண்ணன் மூஞ்சி மலர்ந்துருச்சு. "எடுக்கலாங்களா தம்பி?"

"உங்க மரந்தானேங்க?"

"மரம் எங்களுதுதானுங்க. ஆராய்ச்சி உங்களுதுங்களே."

பிரதீபனுக்குப் புரியல. எனக்கும் புரியல. மேடம் செருப்பைப் பாத்துட்டு நின்னாங்க.

அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு ஒப்பிச்சாரு, பள்ளிக்கொடத்துப் பையனாட்டம். "ஒரு பாகத்துல மரத்தைக் கழிக்கச் சொன்னாங்க, கழிச்சோமுங்க. ஒரு பாகத்துல கெளையக் கவாத்துப் பண்ணச் சொன்னாங்க, பண்ணினோமுங்க. இந்த மூணாவது பாகத்துல கை வெக்காதீங்க, தொடாம உட்டா என்ன ஆகுதுன்னு பாக்கணும், நாங்க வந்து சொல்ற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்னாங்க. கெடக்குதுங்க."

"எப்பச் சொன்னாங்க?"

"எம்பொண்ணு அப்பத் தொட்டில்ல கெடந்தாளுங்க. இந்த அமாவாசை கழிச்சுத் தலைப்பிரசவத்துக்கு வர்றாளுங்க."

பிரதீபன் வாய் தொறந்தபடியே நின்னுபோச்சு. ஒரு சைக்கிள் இல்ல, ஒரு பஸ்ஸே உள்ள போயிருக்கும்.

உள்ள நடந்தோம். ஒரு பக்கம் மொத ரெண்டு பாகம், பாத்தா வயிறு நெறையும். ஒவ்வொரு மரமும் கையை வீசி நிக்குது. மூணாவது பாகத்துக்குள்ள கால் வெச்சா, பட்டப்பகல் இருட்டு. தேக்கெல்லாம் பட்டினி கெடந்த பசங்களாட்டம் ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. கீழ உண்ணிச்செடி. மேல ஊணாங்கொடி, மரத்துக்கு மரம் தாவி வலையாட்டம் பின்னிக் கெடக்குது. செத்த மரம், சாகப் போற மரம், எல்லாம் நின்னபடிக்கு.

தரையில முழங்கால் ஒசரத்துக்குக் காஞ்ச சுள்ளி.

"வெறகுக்குப் பஞ்சமே இல்லியே அண்ணா," ன்னேன் நான், சும்மா இருக்க முடியாம.

"வெறகுக்குப் பாவாத்தாள் ஓடைக்கு அந்தாண்ட போவாளுங்க."

"இத்தனை கெடக்குதே!"

"பொறுக்கறதும் தொடறதுதானுங்களே."

எனக்குத் தண்ணி குடிக்கணும் போல இருந்துச்சு.

"அந்தக் கரண்ட்டுக் கம்பத்துல ஒயரைக் காணமே?" ன்னான் பிரதீபன். குரல் பாதியாயிருச்சு அவனுக்கு.

"கெளை படுதுன்னு லைன்மேன் வெட்ட வந்தாருங்க. யுனிவர்சிட்டி மரம், கை வெக்காதீங்கன்னு நாந்தான் தடுத்துப்போட்டேன். அப்புறம் பாதுகாப்பு இல்லைன்னு கழட்டிட்டாருங்க. பரவால்லீங்க, அரிக்கேன் இருக்குது."

"கட்டுத்தரை காலியாக் கெடக்குதே, மாடு எங்க?"

"ஒரு மரம் கட்டுத்தரைப் பக்கம் சாஞ்சுதுங்க. மாட்டை அந்தப் பக்கம் மாத்திக் கட்டிக்கிட்டோம். இன்னொண்ணு வாசப்பக்கம் சாஞ்சுது. வாசலை மாத்திக்கிட்டோம்."

அப்பத்தான் வீட்டைப் பாத்தோம்.

ஒத்தை ரூம்பு, ஓட்டு வீடு. அதுக்கு நேர் மேல ஒரு வேங்கை, குனிஞ்சு பேன் பாக்கற மாதிரி சாஞ்சு நிக்குது. அடிமரத்துல பாதி உளுத்துப்போச்சு.

"இதுதானுங்க இப்பக் கொஞ்சம் வெசனமா இருக்குது," ன்னாரு அண்ணன், ஏதோ சட்டையில பட்டன் போயிட்ட மாதிரி. "புள்ளத்தாச்சி படுக்கறதுக்கு வேற ரூம்பு இல்லீங்க."

பிரதீபனுக்குக் கண்ணு செவந்துருச்சு. நல்ல பையன்தான். "எந்த முட்டாளுங்க உங்ககிட்ட இப்படிச் சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போனது?"

அண்ணன் கால் கட்டை வெரலால மண்ணைக் கீறினாரு.

பாவாத்தாள் சொம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாத்தினாங்க.

"நான்," ன்னாங்க மேடம்.

சாமி! காடே காதைப் பொத்திக்கிட்ட மாதிரி ஆயிருச்சு.

"உன்னாட்டம் படிச்சிட்டிருந்தேன். ஆராய்ச்சிக்கு வந்த பணம் நின்னுபோச்சு. நான் வெளிநாடு போயிட்டேன். மறந்துட்டேன். போன வாரம் காலேஜ் வாசல்ல இவர் நின்னார். 'அம்மிணி, இப்பத் தொடலாங்களா'ன்னு கேட்டார்."

பிரதீபன் மேடத்தைப் பாக்கறான். வேங்கையைப் பாக்கறான். கூரையைப் பாக்கறான். திடீர்னு கத்தினான்.

"வெட்டுங்க! இன்னிக்கே, இப்பவே வெட்டித் தள்ளுங்க!"

"சரிங்க தம்பி," ன்னாரு அண்ணன்.

அவ்வளவுதான். ஏன், எப்படி, ஒரு கேள்வி இல்ல. செவுத்துல சாத்தி வெச்சிருந்த கோடாலிய எடுத்தாரு, போனாரு, வேங்கை அடியில போட்டாரு ஒரு போடு.

மேல பூரா ஆடுச்சு! ஒரு மரத்துல போட்ட வெட்டுக்கு அத்தனை மரமும் ஆடுது. ஊணாங்கொடி வில்லு நாணாட்டம் விண்ணுன்னு இழுக்குது. ஓடு ஒண்ணு சரிஞ்சு என் காலுக்கிட்ட ஒடைஞ்சுது.

"நிறுத்துங்க!" ன்னு அலறறான் பிரதீபன்.

நின்னுட்டாரு. கோடாலி தலைக்கு மேல. அப்படியே நிக்கறாரு, எறக்கச் சொல்லலைங்கறதுக்காக.

"வேண்டாங்களா தம்பி?"

"வேணும்... ஆனா மேல கொடி எல்லாத்தையும் சேத்துக் கட்டியிருக்கு. ஒண்ணை வெட்டினா எல்லாமா வந்து வீட்டு மேல..."

"அப்பக் கொடிய அறுத்துப்போடறனுங்க." கோடாலியக் கீழ போட்டாரு, இடுப்புல இருந்து கத்திய உருவுனாரு, கொடியில வெச்சுட்டாரு.

"ஐயோ, அறுக்காதீங்க! அந்தக் கொடி புடிச்சிருக்கறதாலதான் மரமே விழாம நிக்குது!"

"சரிங்க. அறுக்கல."

கத்தி கொடி மேல. கண்ணு பிரதீபன் மேல. மூஞ்சில துளி சந்தேகம் இல்லீங்க. அடுத்த வார்த்தைக்குக் காத்துட்டு நிக்கறாரு.

நம்ம பையன் என்ன பண்ணினான் தெரியுங்களா? ரெண்டு கையாலயும் தன் வாயைப் பொத்திக்கிட்டான். நான் பொய் சொல்லல. பொத்திக்கிட்டு, அப்படியே தரையில குத்த வெச்சு உக்காந்துட்டான்.

"மேடம்," ன்னான், வெரலுக்கு நடுவால. "நீங்க சொல்லுங்க மேடம்."

ஒரு லாரி போச்சு. அடுத்த லாரியும் போச்சு.

"நான் ஒரு தடவ சொல்லிட்டேன், பிரதீபன்."

மேல மரம் ஒண்ணோட ஒண்ணு ஒரசி கிறீச்சுங்குது.

கடைசியா எந்திரிச்சான் பையன். மண்ணைத் தட்டினான். பேச்சு வந்துருச்சு. எங்க போகும், கூடவே பொறந்ததாச்சே.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் காலேஜுக்குப் போறேன். நாலு பேரைக் கலந்துக்கறேன். காத்து எந்தப் பக்கம், எந்த மரத்துல மொதல்ல கயிறு போடறது, எல்லாம் கணக்குப் பாத்துட்டு வந்து..."

"வந்து சொல்லுங்க தம்பி," ன்னாரு அண்ணன் சந்தோசமா. "அது வரைக்கும் தொடமாட்டமுங்க."

பிரதீபனுக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் திரும்பி நடந்தான். மேடமும் நடந்தாங்க. நானும் பின்னால ஓடினேன். அந்தக் காட்டை விட்டு வெளிய வந்தாப் போதும்னு ஆயிருச்சுங்க எனக்கு. விழுந்த மரத்தைச் சுத்தி வந்தோம். ஏறி உக்காந்தோம்.

சாவிய வண்டியிலயே உட்டுட்டுப் போயிருந்தேன். கையை வெச்சா, அங்க இல்ல. சீட்டுக்கு அடியில தேடறேன். பாக்கெட்டைத் தடவறேன்.

தலைய நிமுந்தா, பாவாத்தாள், எப்ப வந்தாங்களோ, வண்டிக்கு முன்னால நிக்கறாங்க. இவங்களுக்குப் பேச்சு வராதுன்னே நான் நெனச்சிருந்தேனுங்க.

"சாவி எங்கிட்ட இருக்குது," ன்னாங்க. "வேங்கைய என்ன பண்றதுன்னு சொல்லிப்போட்டு வாங்கிக்கங்க."