மருத்துவச்சியும் குறுக்கே போன பூனையும்

மலையடிவாரத்துக் குடிலில் சடையம்மை என்றொரு துறவி இருந்தாள். மருத்துவச்சி வீராயிக்கு அவள்தான் குரு. ஆனால் வயதில் சிஷ்யை பத்து ஆண்டு மூத்தவள்.

ஒருநாள் காலை வீராயி மூச்சிரைக்க வந்து குடிலுக்குள் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, முகம் வெளிறிக் கிடக்கிறது?"

"ஆற்றூர் செல்லக்கிளிக்கு வலி கண்டிருக்கிறது, தாயே. ஆள் வந்து கூப்பிட்டான். போகிற வழியில் பூனை குறுக்கே போய்விட்டது. திரும்பிவிட்டேன்."

"ஏன்?"

"போன மாதமும் இப்படித்தான் ஆயிற்று. பொருட்படுத்தாமல் போனேன். பிள்ளையைப் பெற்றவள் என் மடியிலேயே உயிரை விட்டாள்." வீராயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு சாவை என்னால் பார்க்க முடியாது, தாயே."

சடையம்மை அவளைத் தேற்றவில்லை. எழுந்து வெளியே நடந்தாள்.

"வாருங்கள். நான் முன்னால் போகிறேன். வருகிற கெடுதல் எனக்கே வரட்டும்."

"ஐயோ, வேண்டாம் தாயே" என்று வீராயி பின்னாலேயே ஓடினாள்.

அதே இடத்தில் அதே பூனை மறுபடியும் புதரிலிருந்து வந்தது. வாயில் கண் திறக்காத குட்டி ஒன்று. ஆட்களைக் கண்டதும் தயங்கி நின்றது.

சடையம்மை கையை நீட்டி வீராயியை நிறுத்தினாள்.

"அது முதலில் போகட்டும். பிள்ளை பெற்றவள்."

பூனை பாதையைக் கடந்து பாறை இடுக்கில் மறைந்தது. வீராயி அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆற்றூரைப் பார்த்து ஓடினாள்.

வயிற்றில் குழந்தை குறுக்காகக் கிடந்தது. வீராயி எண்ணெய் தடவி, பேசிப் பேசி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். உச்சிப்பொழுது தாண்டியதும் வீலென்று அழுகுரல் கேட்டது. செல்லக்கிளி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அதைக் கேட்டுத்தான் வீராயிக்கு மூச்சு வந்தது.

மறுநாள் சிரித்த முகத்தோடு குடிலுக்கு வந்தாள்.

"தாயும் பிள்ளையும் சுகம். நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், தாயே. பூனை குறுக்கே போனால் கெடுதல் என்பதெல்லாம் வெறும் பொய்தானே?"

"முழுப் பொய் இல்லை, அக்கா" என்றாள் சடையம்மை. "நீங்கள் திரும்பி வந்து இங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் செல்லக்கிளிக்குக் கெடுதலாகத்தானே இருந்தது?"