வெள்ளிக்கிழமைக் கறி

"மதர், ரிவ்கா ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை" என்று வந்து நின்றாள் செலின்.

மதர் அகத்தா உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். பிரான்சின் தெற்கே ஒரு மலையூரில் இருந்தது அவருடைய கன்னியர் மடம். மடத்தை ஒட்டி ஓர் அநாதைப் பிள்ளைகள் விடுதி. செலின் அங்கே பயிற்சிக்கு வந்த இளம் கன்னிகை.

"அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லாதே. இங்கே அவள் மார்த்."

யூதப் பிள்ளைகளை ஜெர்மன் படை வீடு வீடாகத் தேடிப் பிடித்து வண்டியில் ஏற்றிய காலம் அது. வண்டி ஏறிய பிள்ளை திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்படவில்லை. முன்பின் தெரியாத தாய்தகப்பன்மார் கொண்டுவந்து விட்டுப்போன சில யூதப் பிள்ளைகள், அந்த விடுதியில் ஊர்ப் பிள்ளைகளோடு பிள்ளைகளாக இருந்தார்கள். அவர்களுக்குச் சிலுவை போடவும் ஜெபம் சொல்லவும் கற்றுக்கொடுத்தவள் செலின்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் பன்றிக்கறி. யூதர் வீட்டில் அது ஆகாது. சோதனைக்கு வருகிறவன் அதைத்தான் முதலில் நீட்டுவான். முகம் சுளித்தால் போச்சு.

"என்ன கேட்டாள்?"

"'இதைத் தின்றால் என் சாமி கோபித்துக்கொள்ளுமா சிஸ்டர்' என்கிறாள்."

"நீ என்ன சொன்னாய்?"

"முதலில் தின்னு, அப்புறம் பார்க்கலாம் என்றேன்."

"தின்றாளா?"

"முதலில் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். இப்போது கண்ணைத் திறந்துகொண்டே தின்கிறாள். கேள்வியை மட்டும் விடமாட்டேன் என்கிறாள்."

மதர் அடுத்த கிழங்கை எடுத்தார். "எனக்கும் தெரியாது. தெரிந்தால் சொல்கிறேன்."

செலினுக்கு அது பதிலாகப் படவில்லை. மதருக்கா தெரியாது? ஏசு மரித்த கிழமை என்று கத்தோலிக்கர் கறி தொடாத நாள் வெள்ளிக்கிழமை. கடுங்காய்ச்சலில் கிடந்தபோது வைத்தியர் கொடுத்த கோழிச்சாற்றைக்கூட, "இன்று சுத்தபோசனம், கறி ஆகாது" என்று தள்ளிவைத்தவர் அவர்.

யாரோ துப்புக் கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் ஓர் அதிகாரி வந்தான். பின்னால் இரண்டு சிப்பாய்கள் பெரிய சட்டியொன்றைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார்கள். வறுத்த பன்றிக்கறி சாசேஜ். கொழுப்பு இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

"பிள்ளைகளுக்கு என் அன்பளிப்பு" என்றான் அதிகாரி.

படித்துவைத்த கேள்வியே பரீட்சையில் வந்ததுபோல் இருந்தது செலினுக்கு. ரிவ்கா அவளைப் பார்த்தாள். செலின் மெல்லத் தலையசைத்தாள். ரிவ்கா முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்தித் தன் தட்டில் வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அப்புறம்தான் செலின் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தாள். ஒருவர் கையும் நீளவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு எல்லோரும் மதரையே பார்த்திருந்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை.

மடத்தில் வெள்ளிக்கிழமை கறி சமைத்ததே இல்லை. அதனால் யூதப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. பன்றியைத் தின்னக் கற்றுக்கொடுத்தவள், கிழமை பார்க்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டாள்.

அதிகாரியும் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவன். பூனைபோல் நடந்துவந்து ரிவ்காவின் பின்னால் நின்றான்.

"பாப்பா, இன்றைக்கு என்ன கிழமை?"

ரிவ்கா செலினைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்கார், மார்த்."

மதர் அகத்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ரிவ்காவின் தட்டிலிருந்த துண்டைக் கையாலேயே எடுத்துக் கடித்தார். கொழுப்பு முழங்கைவரை வழிந்தது.

"அரைத்த கடுகு கொண்டுவரவில்லையா? அது இல்லாமல் இதை யார் தின்பார்கள்?"

"மதர்! இன்று வெள்ளிக்கிழமை" என்றான் அதிகாரி.

"தெரியும். உங்கள் ஆட்கள் எங்கள் பசுவை ஓட்டிக்கொண்டு போனதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அன்றிலிருந்து இந்த வீட்டில் கறி கிடைக்கிற நாளே கறி தின்கிற நாள்."

மதர் அப்படிச் சொன்னதே இல்லை. செலினுக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மதர் அவர்கள் பக்கம் திரும்பினார். "என்ன பார்க்கிறீர்கள்? விருந்தாளி இருக்கிறார் என்று புதிதாக வெட்கமா? சாப்பிடுங்கள்!"

அவ்வளவுதான். சட்டி மேசை நெடுக நகர்ந்தது. கைக்குக் கை, வாய்க்கு வாய். யார் வீட்டுப் பிள்ளை எது என்று பெற்றவளே வந்தாலும் சொல்லமுடியாது. ஒரு சின்னப் பையன் சட்டியை வழித்து நக்கினான். ஒரு துண்டாவது மிஞ்சும் என்று காத்திருந்த சிப்பாய்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அதிகாரி காலிச் சட்டியைப் பார்த்தான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வண்டிச் சத்தம் மலையிறங்கி ஓய்ந்ததும் செலின் அழுதாள். "என் தப்பு மதர். உங்கள் ஆயுசு விரதம் போயிற்று."

"உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றார் மதர், கை கழுவியபடி.

"சாமி கோபித்துக்கொள்ளாதா?"

"ரிவ்கா கேட்டதும் இதுதானே? கோபித்தால் அவளும் நானும் சேர்ந்தே போய் நிற்போம். நீயும் வா. நீ ரெண்டு துண்டு தின்றதை நான் பார்த்தேன்."

அடுத்த கோடையில் ஜெர்மன் படை ஊரைவிட்டு ஓடியது. கோவில் மணியை ஊர்ப் பையன்கள் முறைவைத்து அடித்தார்கள். பெற்றோரில் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தெரியாது. ஆனால் மடத்துக்கு வந்த பிள்ளை ஒன்றுகூடக் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. குடியானவர்கள் ஒரு முழுப் பன்றித் தொடையைச் சுட்டுக் கொண்டுவந்தார்கள். மதர் முற்றத்தில் நின்று, மலை எதிரொலிக்கக் கூப்பிட்டார்.

"ரிவ்கா! சாப்பிட வா!"

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சத்தமாகக் கேட்டவள், ஓடியே வந்தாள். அவளுக்கும் மற்ற யூதப் பிள்ளைகளுக்கும் ரொட்டியும் அவித்த முட்டையும் தனியே வைத்திருந்தது. மதர் தன் தட்டிலும் ஒரு முட்டையை எடுத்துவைத்துக்கொண்டு ரிவ்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செலின் கறித்தட்டோடு வந்தாள். "மதர், இன்று ஞாயிறு. உங்களுக்குத் தடை ஒன்றும் இல்லையே?"

"எனக்கு இல்லை" என்றார் மதர், முட்டையை உரித்துக்கொண்டே. "இவளுக்கு இருக்கிறது. பிள்ளை தனியாகவா சாப்பிடும்?"