மடைப்பள்ளி முற்றுகை

முன்னொரு காலத்தில் மழவராயர் என்றொரு ராஜா இருந்தார். பல் துலக்குவதற்குள் அவருக்கு ஏதாவது ஓர் ஆசை வந்துவிடும். ஒருநாள் வந்தது வார்த்தை ஆசை. பீரங்கி விற்க வந்த இங்கிலீஷ் துரை பேச்சுவாக்கில் ‘சீஜ்’ என்று சொல்லிவிட்டார். ராஜா அதைக் கற்கண்டு மாதிரி வாயில் போட்டு உருட்டினார்.

“துரையே, சீஜ் என்றால்?”

“கோட்டையை வளைத்துச் சோறு போகாமல் அடைப்பது. உள்ளே இருப்பவர் பசி தாங்காமல் பணியும்வரை விடுவதில்லை.”

“அட, நம்முடைய முற்றுகை!”

படைத்தலைவர் தளவாய் வாணாதிராயர் கனைத்துக்கொண்டார். விகடகவி கொன்றையாண்டியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

“மகாராஜா, நாளை விகடகவி ஒற்றை ஆளாக இந்த அரண்மனையைச் சீஜ் செய்யட்டும். விளக்கு வைப்பதற்குள் தாங்கள் சரணடையாவிட்டால், அவர் நாட்டைவிட்டே போகட்டும்.”

“பலே! அப்படியே ஆகட்டும்!” என்றார் ராஜா.

கொன்றையாண்டி துரையிடம் போனான். “சீஜைச் செய்வதா, போடுவதா? உங்கள் பாஷையில் எப்படி?”

“இடுவது. கோழி முட்டை இடுவதற்கும் அதே சொல்தான்.”

“எங்களுக்கும் அப்படித்தான். இட்ட பிறகு?”

துரை தாடையைத் தடவினார். “பழங்காலத்தில் எங்கள் ஊரில் சீஜ் என்றால் ஆசனம். ஆகவே, உட்கார வேண்டியதுதான்.”

“கோழியும் அதைத்தானே செய்கிறது!” என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

விஷத்துக்குப் பயந்த ராஜா அரண்மனை மடைப்பள்ளிச் சமையலைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். மடைப்பள்ளிக்கு ஒரே வாசல். ஓர் ஆள் நுழையும் அகலம். மறுநாள் கொன்றையாண்டி அந்த வாசலை அடைத்து உட்கார்ந்து, வழக்கம்போல இலை போடச் சொன்னான். சோறு விழுந்தது. ஒரு பருக்கையை எடுத்தான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

இலையில் உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாது. எச்சில் இலையைத் தாண்டி வந்த சோறு ராஜாவுக்கு ஆகாது. தங்கத் தட்டு உள்ளேயே ஆறியது.

தளவாய் வாளோடு ஓடி வந்தார். “எழுந்திருமய்யா!”

“சாப்பிடுகிறவனை எழுப்புகிற பாவம் தளவாய்க்கு வேண்டாம். ரசம் வேறு பாக்கி.”

பொழுது சாய்ந்தது. ராஜாவின் வயிறு உறுமிய உறுமலில், பக்கத்து ஊரில் மழை வருகிறதென்று காயப்போட்ட நெல்லை அள்ளிவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

விளக்குத் திரி திரிக்கும் நேரம், ராஜாவே வந்து சரிகை அங்கவஸ்திரத்தைக் கொடிபோல் வீசினார். “சரணடைந்தேன், கொன்றையாண்டி! கையைக் கழுவும்!”

“இது முற்றுகையே இல்லை!” என்று கத்தினார் தளவாய். “அரண்மனைக்கு ஆயிரம் வாசல், இவர் ஒன்றில்தான் உட்கார்ந்தார்!”

“நான் வளைத்தது அரண்மனையை அல்ல, தளவாயே, மகாராஜாவின் வயிற்றை. அதற்கு வாசல் ஒன்றுதான்.”

ராஜா பசியையும் மறந்து, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீசிய அங்கவஸ்திரத்தை அவன் தோளிலேயே போர்த்தினார். “என்னை வென்ற ஒரே படை நீர்தான். சமாதான நிபந்தனையைச் சொல்லும்.”

“எனக்குப் பக்கத்தில் தங்களுக்கும் ஓர் இலை. தளவாய் பரிமாற வேண்டும்.”

அப்படியே நடந்தது. ஆத்திரத்தில் தளவாய்க்குக் கை நடுங்கியதால், நெய் மட்டும் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.