சுடலைத் தீ ஏறிய விளக்குக் கோபுரம்

ஆறு கடலில் கலக்கும் மணல்முகத்துறையில், தோணிகளுக்கு வழிகாட்டும் கல்விளக்குக் கோபுரம் ஒன்று உண்டு. அதன் கரியைத் துடைத்து, எண்ணெய்க் குடம் சுமந்து அறுபத்திரண்டு படி ஏறுவதே அம்பலவர் என்னும் அடியாரின் தொழில். அந்திதோறும் சிவன் கோயில் வாயிலில் நிற்பார். உள்ளே போக அவருக்கு உரிமையில்லை. வாயிலில் தரும் நெருப்பைச் சட்டியில் வாங்கி, படிக்கொருமுறை ஐந்தெழுத்தைச் சொல்லி ஏறுவார். கோயில் நெருப்பன்றி வேறு நெருப்பு அந்த விளக்கில் படக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

ஓர் ஆடி மாதம் அவர் மனைவி காத்தாயி அம்மையார் மூன்று நாள் காய்ச்சலில் இறந்தார். நண்பகலில் ஆற்றங்கரைச் சுடலையில் எரியூட்டினார்கள். அந்தியில் அம்பலவர் சட்டியோடு கோயில் வாயிலில் நின்றார்.

கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியக்காரர் சீறினார். "தீட்டோட வந்து நிக்கிறியே, வெக்கமில்ல? பதினாறு நாளைக்கு இந்தப் பக்கம் தலையக் காட்டாத!"

"பத்தொம்பது தோணி கடல்ல நிக்குதுங்க சாமி. வேற யாரையாச்சும் ஏத்தச் சொல்லுங்க."

"இந்தக் காத்துல அத்தன படி எவன் ஏறுவான்? பொண்டாட்டி சாம்பல் ஆறல, இவனுக்கு விளக்குக் கவல!"

உடனிருந்தவர்கள் சிரித்தனர்.

தீட்டு வீட்டுக்கு எவரும் நெருப்புக் கொடார். சாவு வீட்டில் அடுப்பும் எரியாது. அம்பலவர் சுடலைக்கு நடந்தார். சிதை தணிந்து கனன்றுகொண்டிருந்தது.

"காத்தாயி, கொஞ்சம் நெருப்புக் குடு" என்றார். சுருட்டுப் பற்றவைக்க அம்மையாரிடம் தினமும் கேட்கும் அதே குரல்.

கனலைச் சட்டியில் அள்ளினார். கண்ணீர் வரவில்லை. ஐந்தெழுத்து மட்டும் வந்தது. விளக்கு எரிந்தது. பத்தொன்பது தோணிகளும் கரை சேர்ந்தன.

சுடலையில் கனல் அள்ளியதைக் கண்டவர்கள் சொல்ல, விடிந்ததும் ஊர் திரண்டது. "பொணத் தீய ஏத்திட்டான்! கட்டுங்கடா அவன!" என்றார் மணியக்காரர். அடியாரைக் கோபுரத்தடியில் கட்டிவைத்துவிட்டுக் கோயில் கதவைத் திறந்தனர். உள்ளே அணையாவிளக்கு அணைந்திருந்தது. இறைவன் திருமேனி முழுதும் சாம்பல். தொட்ட குருக்களின் விரலைச் சுட்டது. கருவறையிலிருந்து குரல் எழுந்தது.

"சுடலை எம் வீடு. எம் வீட்டு நெருப்பைத் தீட்டென்றவன் எவன்? அம்பலவன் ஏற்றிய தீயைக் கொணர்ந்து எம் விளக்கை ஏற்றுக."

மணியக்காரர் நடுங்கி ஓடிவந்து கட்டை அவிழ்த்தார். அறுபத்திரண்டு படியும் தாமே ஏறித் தீயை எடுத்துவந்து, அடியாரைக் கருவறை வாயில்வரை கைபிடித்து அழைத்துச் சென்றார். அம்பலவர் தொழுதார். மகிழ்ந்தார் என்று சொல்வதற்கில்லை. அன்று அந்தியும் எண்ணெய்க் குடத்தோடு படியேறினார்.

இன்றும் அக்கோபுரம் காண வருவோர், "இது காத்தாயி அம்மா குடுத்த நெருப்பு" என்று கைகூப்புகிறார்கள். தம் வீடு இருண்ட அன்றும் ஆற்றுமுகத்தை இருளவிடாத அம்பலவர் திருவடி நம் சென்னிமேல் இருப்பதாக.