பெயர் கூப்பிடும் நேரம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நடந்ததை மட்டும் சொல்கிறேன், கூட்டிச் சொல்லவில்லை.

பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறேன். பத்து முடித்தால் அமைப்பாளர் வேலைக்கு எழுதிப் போடலாம் என்றார்கள். நாற்பத்தாறு வயதில் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் சங்கரன்கோவிலில் வகுப்பு.

கணக்குப் பாடத்துக்குப் பயந்து மூன்று ஞாயிறு போகவில்லை. ஃபோனையும் அணைத்து வைத்தேன். எப்படியும் பெயரை அடித்துவிடுவார்கள், அதற்கு முன் நானே நின்றுகொள்ளலாம் என்று, நான்காம் ஞாயிறு கடிதம் எழுதி எடுத்துப் போனேன்.

அறையில் பிளசி டீச்சர் மட்டும் இருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். எதிரே காலி பெஞ்சுகள்.

“டீச்சர், எனக்குப் படிப்பு ஏறல. பேரை எடுத்திருங்க.”

“இருங்கக்கா. பேர் கூப்பிட்டு முடிச்சிட்டு வாங்கிக்கிடுதேன்.”

“யாரைக் கூப்பிடப் போறீங்க? பெஞ்சையா?”

சிரித்தார். பதிவேட்டைத் திறந்தார்.

“இசக்கியம்மாள்.”

“உள்ளேன் டீச்சர்.”

திடுக்கிட்டேன். குரல் மேசைமேல் இருந்த ஃபோனிலிருந்து வந்தது. பின்னால் விசைத்தறிச் சத்தம்.

“தீபாவளி வரைக்கும் வகுப்பு ஃபோன்லதான்” என்றார் டீச்சர். “தறிக்கும் லீவு இல்ல, பாடத்துக்கும் இல்ல.”

“காசிம் பீவி.”

“உள்ளேன். அடுப்புல குழம்பு கொதிக்கு, சீக்கிரம் பாடத்துக்கு வாங்க.”

“வேல்மயில்.”

“பஸ்ஸுல நிக்கேன் டீச்சர். உள்ளேன்னு சொல்லலாமா?”

“சொல்லலாம்.”

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல். ஆள் இல்லாத அறை நிறைந்துகொண்டே வந்தது.

“சண்முகக்கனி.”

என் பெயர்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. ஃபோனைப் பார்த்துக் காத்திருந்தார்.

தறிச் சத்தம் நின்றது.

“கனியக்கா இன்னைக்கும் இல்லையா?” என்றாள் இசக்கியம்மாள்.

“அடுத்த பேருக்குப் போயிராதீங்க டீச்சர்” என்றாள் காசிம் பீவி. “போன வாரம் மாதிரி இன்னும் கொஞ்சம் பாப்போம்.”

“உங்க குழம்பு?” என்றான் வேல்மயில்.

“கருகட்டும்.”

“உள்ளேன்” என்றேன்.

ஃபோனில் ஒரே கூச்சல்.

அன்று பாடம் முழுவதும் இருந்தேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும், பயம் வந்தால் மறுபடி ஃபோனை அணைப்பேன். வீட்டுக்காரர் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், எங்கள் பள்ளித் தலைமையாசிரியை நம்பர், மூன்றையும் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.